உங்களுக்குத் தெரியுமா? – தனி ஆள், இரண்டு நாடு, சிவந்த காடு

★ அமெரிக்காவின் வடகிழக்கு மூலையும் அதை ஒட்டிய கனடாவின் கியூபெக் மாகாணமும் செப்டம்பர் கடைசியில் சிவக்கத் தொடங்கி, அக்டோபர் முழுக்க மலைமலையாக எரிவதுபோல் நிற்கும். இலையைப் பார்ப்பதற்கென்றே பஸ் பஸ்ஸாக ஆள் கிளம்புகிறார்கள். 'லீஃப் பீப்பர்' என்பது அவர்களுக்கு அங்குள்ள செல்லப் பெயர். ஜோடி இல்லாமல் வருகிறவர்களை மட்டும் சேர்த்து, கூடவே ஒரு டூர் மேனேஜரையும் போட்டு, இரண்டு நாட்டையும் ஒரே மூச்சில் காட்டும் டூர்களும் உண்டு.

★ அதே அக்டோபரின் பிற்பகுதியில் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் புரட்டாசி முடிந்து ஐப்பசி மழை பிடித்திருக்கும். வேலூர் சாலையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் நின்று பார்த்தால், அண்ணாமலையார் மலை வருஷத்திலேயே நல்ல பச்சையாகத் தெரிகிற காலம் அது. நம் காடுகள் இலை உதிர்ப்பது மழை ஓய்ந்த பிறகு, தை தொடங்கிப் பங்குனி வரை. குளிர்காலம் வருகிறது என்று அங்குள்ள மரங்கள் உதிர்க்கின்றன. கோடை வருகிறது என்று இங்குள்ளவை உதிர்க்கின்றன. மாசியில் ஜவ்வாது மலைக்குப் போனவர்களுக்கு அந்த மொட்டைக் காடு தெரிந்திருக்கும். அதைப் பார்க்க யாரும் டூர் போடுவதில்லை.

★ இலையில் மஞ்சள் புதிதாக வருவதில்லை, முதலிலிருந்தே இருக்கிறது. பச்சையம் மேலே மூடியிருப்பதால் தெரிவதில்லை. இரவு நீள ஆரம்பித்ததும் மரம் பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்திக்கொள்ளும். பச்சை கலைந்ததும் மஞ்சள் வெளியே வரும். சிவப்பின் கதை வேறு. அது அந்தக் கடைசி வாரங்களில் இலை புதிதாகத் தயாரிக்கும் ஆந்தோசயனின். பகலில் நல்ல வெயில் அடித்து இலையில் சர்க்கரை சேர வேண்டும். இரவு குளிர வேண்டும், ஆனால் உறைபனி விழக்கூடாது. இந்தக் கணக்கு கூடி வந்த வருஷம் காடு தீயாய்ச் சிவக்கும். மேகமும் வெதுவெதுப்புமாகப் போன வருஷம் மங்கல்தான். நல்ல சிவப்புக்கு உத்தரவாதம் தர எந்த டூர் கம்பெனியாலும் முடியாது. தருகிறேன் என்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

★ விசா இல்லாமல் இந்தச் சிவப்பைப் பார்க்க வேண்டுமா? பள்ளிக்கூடத்து வாதாமரத்தடிக்குப் போங்கள். உதிரும் முன் அதன் இலையைச் சிவக்க வைப்பதும் ஆந்தோசயனின்தான். ஒன்றைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நரம்போரம் கொஞ்சம் பச்சை ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் செம்பு நிறம், ஓரம் ரத்தச் சிவப்பு. காலையில் பெருக்கித் தள்ளுகிற ஆயாவுக்கு மட்டும் இந்த அழகு தலைவலி.

★ அரச மரம் தலைகீழ். அதற்குத் துளிர்தான் நிறம். கோடைத் தொடக்கத்தில் வரும் கொழுந்து செம்பும் ரோஜாவும் கலந்து மினுங்கும்.

★ இரண்டு நாட்டு டூரில் நான் கட்டாயம் பார்க்கச் சொல்வது மரம் அல்ல, ஒரு நூலகம். வெர்மான்ட் மாநிலத்தின் டெர்பி லைன் ஊரும் கியூபெக்கின் ஸ்டான்ஸ்டெட் ஊரும் ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தில், வேண்டுமென்றே எல்லைக்கோட்டின் மேலேயே கட்டப்பட்ட ஹாஸ்கெல் நூலகம் அது. மாடியில் நாடக அரங்கு, 1904-ல் திறந்தார்கள். வாசிப்பறைத் தரையில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தப் பக்கம் கனடா. முன்வாசல் அமெரிக்காவில், புத்தக அலமாரிகள் கனடாவில். மாடியில் மேடை கனடாவில், பெரும்பாலான நாற்காலிகள் அமெரிக்காவில்! கனடாக்காரர்கள் பாஸ்போர்ட் காட்டாமல் நடைபாதை வழியாகவே சுற்றி வந்து முன்வாசலில் நுழைவது நூறு வருஷத்துக்கு மேலாக இருந்த வழக்கம். 2025-ல் அமெரிக்க அரசு அதற்குக் கட்டுப்பாடு போட்டது. கனடாப் பக்கத்தில் தனி வாசல் வைக்க நூலகத்தார் நிதி திரட்டத் தொடங்கினார்கள்.

★ நூலகத்தின் கறுப்புக் கோட்டைத் தாண்டிக் குதித்து விளையாடலாம். ஆனால் எல்லையை டூர் பஸ்ஸில் தாண்ட இந்தியருக்கு இரண்டு விசா வேண்டும். ஒன்றைக் காட்டி மற்ற நாட்டுக்குள் போக முடியாது. கனடாவைப் பார்த்துவிட்டு விமானம் ஏற மறுபடி அமெரிக்காவுக்குள் வருவதாக டூர் அமைந்திருந்தால், அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் சென்னைக்குத்தான் அலைய வேண்டும். முன்பணம் கட்டும் முன் விசாவைப் பாருங்கள்.

★ தனியாளுக்கு டூர் கம்பெனிகள் விதிக்கும் கூடுதல் கட்டணத்துக்கு 'சிங்கிள் சப்ளிமென்ட்' என்று பெயர். ஹோட்டல் அறைக்கு வாடகை இருவர் கணக்கில்; ஒருவர் படுத்தாலும் அறை அறைதான் என்பது அவர்கள் நியாயம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிற தொகைக்குக் கீழே பொடி எழுத்தில் 'ட்வின் ஷேரிங்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தனியாளுக்கு அந்தத் தொகை இல்லை. தனியாக வருகிற இன்னொருவரோடு அறையைப் பகிரச் சம்மதித்தால் சில கம்பெனிகள் கூடுதலைத் தள்ளிவிடும். குறட்டைக்கு யாரும் பொறுப்பு ஏற்பதில்லை.

★ தனிப்பயணம் திருவண்ணாமலைக்குப் புதிதா என்ன! 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையிலிருந்து ரயிலேறிய 16 வயதுப் பையன் வேங்கடராமனிடம் இருந்தது 3 ரூபாய். பழைய அட்லஸை நம்பித் திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் எடுத்தார். விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று ரயிலில் வந்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. மிச்சக் காசு மாம்பழப்பட்டு வரைக்குத்தான் வந்தது, பிறகு நடை. கீழூரில் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1 காலை ஊர் வந்து சேர்ந்தார். உலகம் பின்னாளில் அவரை ரமண மகரிஷி என்று அழைத்தது. டூர் மேனேஜர் இல்லை, சப்ளிமென்ட்டும் இல்லை.

★ அங்கே சிவக்கிற மேப்பிள் மரத்திலிருந்து பாகு எடுப்பது பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவதுபோலத்தான். ஆனால் மரமேற வேண்டாம், அடிமரத்தில் துளை போட்டால் போதும். சுமார் 40 லிட்டர் மரச்சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. இந்த வேலை நடப்பது பனி உருகும் மாதங்களில்; இலையுதிர் கால டூரில் போகிறவர்களுக்குப் பாட்டில்தான் கிடைக்கும். உலகப் பாகில் ஏறத்தாழ 70 சதவீதம் கியூபெக்கில் தயாராகிறது. அங்கே சேமிப்புக் கிடங்கிலிருந்து 2011, 2012-ல் கொஞ்சம் கொஞ்சமாக 3,000 டன் அளவு பாகு திருடு போனது. சில பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள்!

★ கனடாக் கொடியின் மேப்பிள் இலைக்கு 11 முனை. அந்தக் கொடி ஏறியது 1965 பிப்ரவரி 15-ல்.

★ ஆளைத் திரட்டி, டிக்கெட் போட்டு, தானும் கூடவே போகிற வழக்கத்துக்குப் பேர் வாங்கிய தாமஸ் குக், 1841 ஜூலை 5-ல் இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் கூட்டிப்போனது சுமார் 500 பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங். மதுவிலக்குக் கூட்டத்துக்கு! பௌர்ணமிதோறும் சென்னையிலிருந்து கிரிவலத்துக்கு ஆள் ஏற்றி வரும் பஸ்களும் இந்தக் குடும்பம்தான்.

★ தமிழில் பயண எழுத்துக்குப் பேர்போன ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் யோசனை அவருக்கு வந்தது 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில். வயது 25.

★ டாலரில் செலவழிக்க மனசில்லையா? காஷ்மீரில் சினார் மரங்கள் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை சிவக்கும். காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள நசீம் பாக் முகலாயர் காலத்துச் சினார் தோப்பு.

★ ஜப்பானில் நிறம் வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். ஹொக்கைடோ மலைகளில் செப்டம்பர் நடுவில் தொடங்கி, கியோட்டோவுக்கு வர நவம்பர் கடைசி ஆகிவிடும். நடுவில் தென்கொரியாவின் சொராக்சான் மலையில் அக்டோபரில் முடிந்துவிடும். ஜப்பானையும் தென்கொரியாவையும் ஒரே டூரில் கேட்பவர்கள் தேதியைச் சரிபார்க்காவிட்டால் ஒன்று பச்சையாக இருக்கும் அல்லது மொட்டையாக இருக்கும்.

★ செப்டம்பர் கடைசியில் கிளம்புவது புரட்டாசி விரதக்காரர்களுக்கு இடைஞ்சல். சைவச் சாப்பாட்டை புக்கிங்கிலேயே எழுதி வாங்குங்கள்.

★ அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை கனடாவில் நன்றி நவிலும் நாள். அமெரிக்காவிலும் அன்று கொலம்பஸ் தின விடுமுறை. இரண்டு நாட்டுக் கார்களும் ஒரே சாலைகளில் வந்து நிற்கும். நியூ ஹாம்ப்ஷயரின் 55 கிலோமீட்டர் கான்கமாகஸ் சாலையில் அன்று நகர்வது பௌர்ணமி இரவில் நம் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வெளியே வருவதற்குச் சமம். டூர் தேதியில் அந்த வார இறுதி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.