இஸ்தோப்பில் ஒரு வினாத்தாள்

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே, தேயிலைச் சரிவுகளின் நடுவில் அமைந்தது றொசல்ல. சமூக உளவியலில் ஆராய்ச்சி பழகும் மாணாக்கன் ஒருவன் அங்குள்ள லயமொன்றின் இஸ்தோப்பில் வந்தமர்ந்து, “தோட்டத்து வாழ்வில் உங்களுக்குத் திருப்தி உண்டா, அம்மா?” என வினவுவதாகக் கொள்வோம். “ஒரு கொறையுமில்லீங்க” என்று விடை வருகிறது. அவனும் ‘திருப்தி’ என்று குறித்துக்கொள்கிறான். முதற்பிழை அங்கேயே நேர்ந்துவிடுகிறது.

மலைநாட்டு மக்களிடம் தாளும் கையுமாய் வந்து கேள்வி கேட்டவர் யாவர்? பிரட்டுக் களத்திற் பேர் பதியும் கணக்கப்பிள்ளை ஒருவர். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்த பின், 1949 ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பித்தோரை விசாரித்த அதிகாரி மற்றொருவர். 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனத் தலையெண்ணிப் பங்கிட்டது. ஒரு சொல் பிசகினால் நாடே கைநழுவும் என்று கண்டவர்களின் பேரப்பிள்ளைகள், அந்நியன் பேனாவைத் திறந்ததும் அளந்து பேசுவதில் வியப்பென்ன?

சொல் வேறு, செயல் வேறு என்பதை லாப்பியர் என்ற அமெரிக்க அறிஞர் 1934 இல் எடுத்துக்காட்டினார். சீனத் தம்பதியருடன் அவர் சென்ற 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்றே ஒன்றுதான் இடம் மறுத்தது. பின்னர், ‘சீனரை ஏற்பீர்களா?’ என்று கடிதமூலம் கேட்டபோதோ, விடையளித்தவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மறுத்தெழுதினர்!

எனக்கு அதனினும் உவப்பானது, ஆஸ்திரியாவின் மரியந்தால் கிராமத்தைப் பற்றி 1933 இல் வெளியான ஆய்வு. ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்திருந்தது. யஹோடாவும் தோழரும் வீதியில் நடப்போரின் வேகத்தைக் கடிகாரங் கொண்டு அளந்தனர். ஆண்கள் அடிக்கடி நின்றனர். வீட்டுவேலை மிகுந்த பெண்களோ விரைந்தனர். வெறும் பார்வையாளராய் எவரும் அவ்வூரில் இருத்தலாகாது என்பதும் அவர்களது விதி. உடை வழங்கினர், மருத்துவ உதவி அளித்தனர், தையல் கற்பித்தனர்.

றொசல்லக்கு வரும் மாணாக்கனும் வினாத்தாளைச் சில நாள் பையிலேயே வைத்திருக்கலாம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று பார்க்கட்டும். நிறுவை குறைந்ததென்று வாதாடுபவள் யார், அரைப் பேர் விழுந்தும் வாய்மூடிப் போகிறவள் யார்? அவர்கள் வாயில் ‘மன அழுத்தம்’ என்ற ஏட்டுச்சொல் வராது. ‘மனசு சரியில்ல’ என்பார்கள். வினாத்தாளும் அச்சொல்லையே ஏற்கவேண்டும்.

பிறகு அனுமதி. துரை இசைந்துவிட்டார் என்பதால் தொழிலாளியும் இசைந்ததாகாது. கணக்கப்பிள்ளை அருகில் நின்றால் விடை அவருக்கே உரியதாகிவிடும். ஆகவே தனியே கேட்கவேண்டும். மறுத்தாலும் பேருக்குக் குறைவு வராதென்று முதலிலேயே சொல்லவேண்டும். கூடையை இறக்கியதும் அடுப்புமூட்ட ஓடுகிற அவளுக்கு அன்று பேச நேரமில்லையெனில், எந்நேரம் வசதி என்று கேட்டுவிட்டுத் திரும்பலாம்.