உழவர் சங்கங்களுக்கு வாட்ஸ்அப் பயன்படும் வழி

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் உழவர் மன்றம், ஏரிப் பாசன சங்கம், மகளிர் குழு, மரம் வளர்ப்போர் குழு என்று லாப நோக்கமில்லாமல் நடக்கும் அமைப்புகள் பல உள்ளன. இவற்றில் பலவும் இப்போது ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துள்ளன. சில அமைப்புகள் பேஸ்புக் பக்கமும், யூடியூபில் படங்களும் போடுகின்றன. ஆனால் குழுவைத் திறந்து பார்த்தால் காலை வணக்கப் படங்களும், பிறந்த நாள் வாழ்த்துகளும், யாரோ அனுப்பிய அரசியல் சண்டையும்தான் நிறைந்திருக்கும். அவற்றின் நடுவே எங்கோ ஓர் இடத்தில் ‘நாளை காலை 10 மணிக்கு மண் பரிசோதனை முகாம்’ என்ற அறிவிப்பு கிடக்கும். உறுப்பினர் அதைத் தேடிப் படிப்பதற்குள் முகாம் முடிந்துவிடும்.

இதைச் சரிப்படுத்தச் செலவு ஏதும் இல்லை. கொஞ்சம் ஒழுங்குதான் தேவை. அந்த ஒழுங்கினால் பயிருக்கு என்ன லாபம் என்று கேட்போருக்கு, நம் பகுதி மரவள்ளித் தோட்டங்களையே சான்றாகக் காட்டலாம்.

ஊரே சேர்ந்து காக்க வேண்டிய பயிர்

நம் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்று சொல்லப்படும் மரவள்ளியை ஒரு புதிய மாவுப்பூச்சி தாக்கி வருவது உழவர்கள் அறிந்ததே. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி இந்தியாவில் முதலில் 2020ல் கேரளத்தின் திருச்சூர் பகுதியில் கண்டறியப்பட்டது. அடுத்து சேலம், நாமக்கல் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. பூச்சி தாக்கிய செடியின் நுனி இலைகள் சுருண்டு கொத்துப்போல் ஆகிவிடும். கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து செடி குட்டையாக நின்றுவிடும். சுருண்ட இலைக்குள் மெழுகுப் பூச்சோடு பூச்சி ஒளிந்திருப்பதால், தெளிக்கும் மருந்து அதன்மேல் எளிதில் படுவதில்லை.

இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் பரவி, மரவள்ளியை உணவாகக் கொண்ட மக்களைப் பட்டினி அபாயத்தில் தள்ளியது. தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அனாகைரஸ் லோபெசி என்னும் சிறு குளவிதான் அங்கு அதை அடக்கியது. அந்தக் குளவியைப் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம் 2021ல் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துச் சோதித்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதை வயலில் விடும் பணி தொடங்கியது. குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்த்துவிடும். உழவர் செய்யவேண்டியது குளவி வாழ இடம் கொடுப்பது ஒன்றே.

சிக்கல் இங்குதான். குளவிக்கு வரப்பு தெரியாது. ஒருவர் தம் தோட்டத்தில் குளவி விட்டு, பக்கத்துத் தோட்டக்காரர் அடுத்த வாரமே கடுமையான பூச்சிமருந்தை அடித்தால் இரண்டு தோட்டத்துக் குளவியும் சாகும். அதேபோல், பூச்சி கண்ட தோட்டத்திலிருந்து விதைக்கரணை வெட்டிக் கொடுத்தால், வாங்கிச் செல்பவரின் ஊருக்கும் பூச்சி போய்ச் சேரும். எனவே இது தனி ஒருவர் செய்து முடிக்கும் வேலை அல்ல. ஊரில் உள்ள அத்தனை மரவள்ளி விவசாயிகளுக்கும் ஒரே செய்தி, ஒரே வாரத்தில் போய்ச் சேரவேண்டும். போய்ச் சேர்வதோடு அதை நம்பவும் வேண்டும். சங்கம் என்று ஒன்று இருப்பது இதற்காகவே. கைபேசி அதன் கையாள்.

நல்லவாடு காட்டிய வழி

செய்தியை நம்பவைப்பது எப்படி என்பதை வாட்ஸ்அப் பிறப்பதற்கு முன்பே புதுவைப் பகுதிக் கிராமங்கள் காட்டியுள்ளன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் வில்லியனூரை மையமாகக் கொண்டு சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கணினியைக் கொண்டுபோய் வைப்பதற்கு முன், உங்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று ஊராரைக் கேட்டார்கள். விலை நிலவரம், அரசுத் திட்டங்கள், மருத்துவ வசதி என்று ஊருக்கு ஊர் விடை மாறியது. இடத்தை ஊர் கொடுக்க வேண்டும், உள்ளூர்த் தொண்டர்களே மையத்தை நடத்த வேண்டும், எந்தச் சாதியாரும் உள்ளே வரலாம் என்பவை நிபந்தனைகள். எம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம் நடந்தது.

மீனவர் கேட்டது கடல் நிலவரம். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயரக் கணிப்பை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கி மூலம் கரையெங்கும் சொன்னார்கள். கணினியைத் தொட்டிராத மீனவருக்கும் தகவல் காதில் விழுந்தது.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒருவர் அங்கே தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசினார். ஊரார் தகவல் மையத்தைத் திறந்து, அதே ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு ஓடித் தப்பினர். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்ச்சேதம் இல்லை. நாள்தோறும் கடல் நிலவரம் சொல்லிப் பழகிய கருவி அது. முன்பின் கேட்டறியாத ஒரு குரல் அன்று திடீரென்று ‘ஓடுங்கள்’ என்றிருந்தால் எத்தனை பேர் ஓடியிருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான அனுபவம் நாமக்கல்லுக்கு உண்டு. 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில், கோழிக்கறியாலும் முட்டையாலும் கொரோனா பரவுகிறது என்ற பொய் வாட்ஸ்அப் வழியாக நாடெங்கும் ஓடியது. அப்படிப் பரவுவதற்குச் சான்று இல்லை என்று மத்திய கால்நடைத் துறை விளக்கம் கொடுத்தது. நிரூபிப்பவருக்கு ரூ.1 கோடி பரிசு என்றுகூட நாமக்கல் பண்ணையாளர் தரப்பில் அறிவித்தார்கள். ஆனால் விலை அதற்குள் தரைக்கு வந்துவிட்டது. கோழிக்கு வதந்தி தெரியுமா? அது நாள்தோறும் முட்டையிட்டுக்கொண்டே இருந்தது. தீவனச் செலவும் நிற்கவில்லை. பொய் ஓடத் தொடங்கிய பிறகு மறுப்பை எழுதத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். வழக்கமாக உண்மை சொல்லும் ஒரு வாய் ஊருக்கு ஊர் முன்கூட்டியே இருக்கவேண்டும்.

வழக்கமான செய்திக்கு ஓர் உதாரணத்தையும் நாமக்கல்லிலேயே காணலாம். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு (என்.இ.சி.சி.) 1982ல் பண்ணையாளர்கள் கூடி அமைத்த அமைப்பு. அது அறிவிக்கும் விலையில் வியாபாரிகள் கழிக்கும் ‘மைனஸ்’ பற்றிப் பண்ணையாளர்களுக்கு மனக்குறை உண்டு. அது வேறு கதை. ஆனால் செய்தியின் வடிவத்தைப் பாருங்கள்: தேதி, மண்டலம், விலை. மூன்றே சொல்.

குழுவை நடத்தும் முறை

முதல் வேலையாகக் குழுவை இரண்டாகப் பிரிக்கவேண்டும். ஒன்று அறிவிப்புக் குழு. இதில் நிர்வாகிகள் மட்டுமே செய்தி போடலாம் என்று அமைப்பில் மாற்றிவிடலாம். மற்றது பேச்சுக் குழு. வாழ்த்தும் சண்டையும் அங்கே நடக்கட்டும். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம் என்பதால் சாதாரணக் கிராமச் சங்கத்துக்கு ஒரு குழுவே போதும்.

அறிவிப்புக் குழுவுக்கு நிர்வாகிகள் இருவர் அல்லது மூவர் இருக்கவேண்டும். சிம் அட்டையும் எண்ணும் சங்கத்துடையதாக இருப்பது மிக முக்கியம். பல சங்கங்களில் செயலாளர் தம் சொந்த எண்ணில் குழு தொடங்கிவிடுகிறார். தேர்தல் வந்து பதவி மாறியதும் அவர் கோபித்துக்கொண்டு குழுவையும் கையோடு கொண்டுபோய்விடுகிறார். பேஸ்புக் பக்கத்துக்கும் இதே விதிதான்.

செய்தி நான்கு வரிக்கு மேல் போகக்கூடாது. தேதி, ஊர், சொல்பவர் யார், விவரத்துக்கு யாரைக் கேட்பது ஆகிய நான்கும் இருக்கவேண்டும். மரவள்ளிச் செய்தியை இப்படி எழுதலாம்: ‘நம் ஊர் வடக்குத் தோட்டங்களில் இன்று மாவுப்பூச்சிக் குளவி விடப்பட்டது. சுற்றுத் தோட்டத்தார் சங்கத்தைக் கேட்காமல் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். பூச்சி கண்ட செடியில் விதைக்கரணை எடுக்க வேண்டாம். கேள்வி இருந்தால் செயலாளரைக் கூப்பிடவும்.’ இதையே யாராவது ஒருவர் அரை நிமிடம் பேசிக் குரல் செய்தியாகவும் போட்டால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்கும் முதியோருக்கும் போய்ச் சேரும். இரவு ஏழு மணிக்கு மேல் அனுப்புவது நல்லது. பகலில் வயலில் இருப்பவர் கைபேசியைப் பார்ப்பது அரிது.

வெளியிலிருந்து வரும் செய்தியை அறிவிப்புக் குழுவில் அப்படியே தள்ளிவிடுதல் கூடாது. பலமுறை கைமாறி வந்த செய்தியின் மேல் வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி காட்டும். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்கு மேல் அனுப்பவும் இயலாது. இரட்டை அம்பு கண்டால் வேளாண் உதவி அலுவலரிடமோ அறிவியல் நிலையத்திலோ கேட்டு, உண்மையானால் சங்கத்தின் சொந்த வார்த்தையில் எழுதிப் போடவேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பி.எம். கிசான் உதவித்தொகை பெயரில் ஏ.பி.கே. என்று முடியும் போலிக் கோப்புகளைக் குழுக்களில் போட்டு, தொட்டவரின் வங்கிப் பணத்தைப் பறிக்கிறார்கள். அதை எவர் அனுப்பினாலும் திறக்கக்கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குப் பேசவேண்டும். உறுப்பினர்களின் ஆதார், பாஸ்புத்தகப் படங்களைக் குழுவில் கேட்டு வாங்கும் பழக்கத்தைச் சங்கங்கள் உடனே நிறுத்தவேண்டும்.

கைபேசி இல்லாதவர்களை மறந்துவிட வேண்டாம். நம் பக்கத்து ஊர்களில் பால் சொசைட்டிக்குக் காலையும் மாலையும் மாடு வைத்திருப்போர் அனைவரும் வருகிறார்கள், பெண்கள் அதிகம். அங்கே ஒரு கரும்பலகை வைத்து, அறிவிப்புக் குழுவில் போட்டதை ஒருவர் எழுதிவைத்தால் போதும். புதுவையின் ஒலிபெருக்கி செய்த வேலையை இது செய்யும்.

உள்ளூர்க்காரர் பேசும் படம்

நிகழ்படம் எடுப்பதில் பெங்களூரில் 2006ல் தொடங்கிய ‘டிஜிட்டல் கிரீன்’ அமைப்பின் அனுபவம் கவனிக்கத்தக்கது. நிபுணர் பேசும் படத்தைவிட, அதே வட்டாரத்து விவசாயி தம் வயலில் நின்று செய்துகாட்டும் படத்தை ஊராருக்குப் போட்டுக்காட்டினார்கள். உள்ளூர் ஆள் ஒருவர் அங்கேயே இருந்து, நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டு விளக்கினார். வழக்கமான விரிவாக்க முறையைவிடச் சில புதிய முறைகளைக் கைக்கொண்டோர் ஏழு மடங்கானதாக அந்த ஆய்வு கூறியது. படத்தை அனுப்பிவிட்டு விட்டுவிட்டால் இந்தப் பலன் வராது. சங்கக் கூட்டத்தில் அனைவரும் சேர்ந்து பார்த்துப் பேசவேண்டும். மூன்று நிமிடப் படம் போதும். நம் ஊர்ப் பேச்சிலேயே இருக்கட்டும். எடுத்த மாதத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆடியில் எடுத்த படத்தைத் தையில் பார்ப்பவர் குழம்பக்கூடாது.

நன்கொடை திரட்டும்போது

ஏரி தூர்வாரும் குழுக்களுக்குச் சமூக ஊடகம் பெரும் துணை. சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010ல் சேலம் மக்கள் குழுவினர் சீர்செய்து, வாரிய மண்ணால் திட்டுகள் அமைத்து மரம் நட்டதை நாம் அறிவோம். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்த பிறகு, பேராவூரணிப் பகுதி இளைஞர்கள் சமூக ஊடகத்தின் வழியாகவும் உதவி திரட்டிப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். இப்படிக் கேட்கும் குழு, வேலைக்கு முன்பும் பின்பும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படத்தையும், பொக்லைன் வாடகை, டீசல் ரசீதையும் வாரந்தோறும் வெளியிட்டால் அடுத்த முறை கேட்கும்போது கதவு திறக்கும்.

வெளிநாட்டுப் பணத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இந்தியக் குடிமகனாகவே இருந்து துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர், தம் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் நம் ஊரில் பிறந்தவரே ஆனாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க மத்திய அரசின் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ, புது டில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கோடு இருக்கவேண்டும். இல்லாமல் வாங்குவது குற்றம். பேஸ்புக்கில் வங்கிக் கணக்கு எண்ணைப் போடும் முன் ஒரு தணிக்கையாளரைக் கலந்துகொள்வது சங்கத்துக்குப் பாதுகாப்பு.

குளவி பற்றிய விவரங்களுக்கு ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தையும், பொதுவான பயிர் ஆலோசனைக்குச் சேலம் உழவர்கள் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், நாமக்கல் உழவர்கள் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம்.