சுவிட்சை நிப்பாட்டினாலும் சீலிங்கில் கரண்ட் இருக்கும்

சீலிங் லைட் மாற்ற ஏணியில் ஏறுகிறவர்கள் அனேகமாகச் சுவரிலிருக்கும் சுவிட்சை மட்டும் நிப்பாட்டிவிட்டுத்தான் ஏறுகிறார்கள். இலங்கைத்துறையிலும் ஈச்சிலம்பற்றிலும் வெருகல் பக்கத்திலும் வயரிங் வேலைக்குப் போகும் வீடுகளில் இதை ஓயாமல் பார்க்கிறேன். "சுவிட்சை நிப்பாட்டிட்டன்தானே மகன், பிறகென்ன பயம்?" என்று கேட்பார்கள். பயப்பட வேண்டிய இடமே அதுதான். அந்தச் சுவிட்ச் பல்பை மட்டும்தான் அணைக்கிறது. சீலிங்கில் பல்புக்கு மேலே மறைந்திருக்கும் வயர்களில் கரண்ட் அப்படியே நிற்கலாம்.

நம் நாட்டு வீட்டு வயரிங் பிரித்தானிய முறையில் வளர்ந்தது. பல வீடுகளில் லைன் முதலில், சீலிங்கில் லைட்டை மாட்டும் வட்டப் பெட்டியான சீலிங் ரோஸுக்குத்தான் வரும். அங்கிருந்து ஒரு வயர் சுவிட்சுக்கு இறங்கும். சுவிட்சிலிருந்து இன்னொரு வயர் மேலே ஏறிப் பல்புக்குப் போகும். அடுத்த அறை லைட்டுக்கான லைனும் இதே ரோஸிலிருந்துதான் பிரியும். ஆகவே சுவிட்ச் அணைந்திருந்தாலும் ரோஸின் ஒரு முனையில் 230 வோல்ட் எப்போதும் இருக்கும்.

வயரின் நிறத்தையும் முழுதாக நம்ப முடியாது. பழைய வீடுகளில் லைன் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. புதிய வயர்களில் மண்ணிறம், நீலம், பச்சையும் மஞ்சளும். ஆனால் சுவிட்சுக்கு இரட்டை வயர் இழுத்த வீடுகளில், திரும்பி வரும் வயர் கறுப்பாகவோ நீலமாகவோ இருக்கும். அது நியூட்ரல் அல்ல; சுவிட்சைப் போட்டதும் அதில் லைன் வரும். நிறம் ஒன்றுதானே என்று அதை மற்றக் கறுப்பு வயர்களோடு சேர்த்து முறுக்கினால், சுவிட்சைப் போட்ட கணத்தில் ஷோர்ட் ஆகும். சில வீடுகளில் சுவிட்சை லைனில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருக்கிறார்கள். அங்கே பல்பு அணைந்தாலும் ஹோல்டருக்குள் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

"லைட்டுக்குப் போகிற கரண்ட் சின்னதுதானே" என்ற பேச்சும் தவறு. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று எரிய ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் வேண்டும். வீட்டு டிரிப் சுவிட்சில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அந்த அளவு கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால் அது விழ வேண்டும், ஏனென்றால் அதற்கு மேல் போனால் ஆளுக்கு உயிராபத்து. சின்னப் பல்பை எரிக்கிற கரண்டே மனிதனைக் கொல்லப் போதும். டிரிப் சுவிட்ச் இருக்கிற துணிவிலும் வேலை செய்யக்கூடாது. ஒரு கை லைனிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், உடம்பும் ஒரு பல்பு என்றுதான் அது எடுத்துக்கொள்ளும், விழாது.

கரண்ட் போன நேரத்தில் லைட்டை மாற்றும் பழக்கமும் நம்மிடம் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது. போன கரண்ட் எந்த நிமிடத்தில் திரும்பும் என்று ஏணியில் நிற்கிறவருக்கு யாரும் சொல்லப்போவதில்லை. மின்வெட்டாக இருந்தாலும் மெயினை நிப்பாட்டியே ஆக வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முறை

பகல் வெளிச்சத்தில் தொடங்குங்கள். மெயின் சுவிட்சை நிப்பாட்டுவதற்கு முன் டெஸ்டரைக் கரண்ட் உள்ள ஒரு பிளக்கில் வைத்து, அது எரிகிறதா என்று பாருங்கள். பழுதான டெஸ்டரும் எரியாது. அதைக் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பிறகு மெயினை நிப்பாட்டி, வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி, சுவிட்சின் மேல் டேப்பும் ஒட்டிவிடுங்கள். சோலார் பற்றரியோ ஜெனரேட்டரோ இருந்தால் அதையும் நிப்பாட்டுங்கள். மீட்டரையும் அதன் சீலையும் தொடாதீர்கள். அது மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் பகுதி.

மேசைமேல் பிளாஸ்டிக் கதிரை வைத்து ஏற வேண்டாம். அலுமினிய ஏணியும் வேண்டாம். காய்ந்த மர ஏணி நல்லது. மூடியைக் கழற்றியதும் ஒவ்வொரு வயரையும் டெஸ்டரால் பாருங்கள். எதையும் கழற்றுமுன் போனில் படம் எடுத்து, சுவிட்சிலிருந்து திரும்பி வரும் வயரில் ஒரு துண்டு டேப் சுற்றுங்கள்.

கடலுக்கும் களப்புக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஊரில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. முகத்துவாரத்தடியில் ஒரு மாமி, லைட் மினுங்குகிறதென்று புது லைட் வாங்கி மாற்றியும் அது மினுங்கியது. ஹோல்டரைத் திறந்தால் செம்பு பச்சை பிடித்து, ஸ்குரூ தளர்ந்திருந்தது. "லைட் பழுதில்லை மாமி, வயர் நுனிதான் பழுது" என்றேன். தளர்ந்த இணைப்பு சூடாகும். சூடு வயரின் உறையை உருக்கும். தீ அப்படித்தான் பிடிக்கிறது. பச்சை பிடித்த நுனியை வெட்டிவிட்டு, மினுமினுப்பான செம்பு தெரியும்வரை உரித்து, புதிய கனெக்டரில் இறுக்குங்கள். வெறும் செம்பு வெளியே தெரியக்கூடாது. மெல்ல இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. மாரியில் கூரை ஒழுகும் இடமென்றால் முதலில் ஒழுக்கை அடையுங்கள்.

லைட்டின் உடல் உலோகமாக இருந்தால் எர்த் வயர் கட்டாயம். பெட்டிக்குள் பெட்டி வரைந்த அடையாளம் உள்ள லைட்டுக்கு மட்டும் எர்த் தேவையில்லை. சீலிங்கில் எர்த் வயர் வரவில்லையென்றால் அந்த அடையாளம் உள்ள லைட்டையே வாங்குங்கள். ஸ்குரூ ஹோல்டரில் லைன் நடு முனைக்கும் நியூட்ரல் திருகுப் பகுதிக்கும் போக வேண்டும். பாரமான அலங்கார விளக்கை வயரில் தொங்கவிடாமல் வளையிலோ கொங்கிரீட்டிலோ கொளுக்கி அடித்து மாட்டுங்கள். லைட் லைனுக்கு நாங்கள் போடும் 1/1.13 வயருக்கு 6 ஆம்பியர் பிரேக்கர் போதும். அது அடிக்கடி விழுகிறதென்று பெரிய பிரேக்கர் போட்டால், பிழை அங்கேயே இருக்க, வயர்தான் எரியும்.

எப்போது நிறுத்த வேண்டும்

போனில் எடுத்த படத்திலுள்ள வயர்கள் எது எதுவென்று விளங்கவில்லை, மெயினை நிப்பாட்டியும் டெஸ்டர் எரிகிறது, உறை தொட்டவுடன் உதிர்கிறது, எரிந்த வாசம் வருகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இறங்கிவிடுங்கள். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ள எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி ஒரு உயிருக்கு முன்னால் ஒன்றுமில்லை.

யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் கையால் இழுக்காதீர்கள். மெயினை நிப்பாட்டிவிட்டு 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வேலை முடிந்து மெயினைப் போட்டதும் டிரிப் சுவிட்சிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், விழ வேண்டும். மாதம் ஒரு தடவையும் அழுத்துங்கள். விழாத டிரிப் சுவிட்ச் இருந்தும் இல்லாததுதான். அதை உடனே மாற்றுங்கள்.

வீட்டு லைட்டை வீட்டார் மாற்றுவதில் பிழையில்லை. மெயினை நிப்பாட்டாமல், டெஸ்டரால் பார்க்காமல் ஒரு வயரையும் தொடாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக்கொடுங்கள்.