சிக்கரிக்கு உண்டு, சேர்வராயனுக்கு இல்லை!

செம்மநத்தத்து மலைச் சரிவிலே, மார்கழிப் பனியில் விரல் விறைக்க ஒரு தாய் காப்பிப் பழம் பறிக்கிறாள். சிவந்த பழம் கூடைக்கு. பச்சைக் காய் செடிக்கே. தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவி, களத்தில் உலர்த்துவதும் மலைமக்கள்தாம். பிறகு?

இந்தியக் காப்பியை மிகுதியாக வாங்கும் நாடு இத்தாலி. அங்கே வறுக்கிறார்கள், கலக்கிறார்கள், டின்னில் அடைக்கிறார்கள். டின்னின் மேல் இத்தாலியின் பெயர் பளபளக்கிறது!

மோசடியா? இல்லை தோழர்களே, முறைப்படிதான்! பொருள் கடைசியாகப் பெருமாற்றம் பெற்ற இடமே அதன் பிறப்பிடம் என்பது வணிக உலகம் வகுத்த விதி. பெற்றவள் ஒருத்தி, பேர் பெற்றவள் வேறொருத்தி!

பெயரில் என்ன இருக்கிறது என்பீர்களா? 1887-இல் பிரிட்டன், ஜெர்மானியச் சரக்கை மட்டந்தட்டவே அந்நாட்டுப் பெயரைப் பொறிக்கச் சொன்னது. வசை முத்திரையே வாங்குவோர் தேடும் முத்திரையாயிற்று!

நம்மூர்ப் பொட்டலமாவது சொல்கிறதா? 2011-ஆம் ஆண்டுப் பொட்டலச் சரக்கு விதிகள், இறக்குமதிக்குத்தான் பிறந்த நாட்டைக் கேட்கின்றன. உள்நாட்டுச் சரக்குக்குத் தயாரித்தவர், அடைத்தவர் முகவரி போதும். சிக்கரி கலந்தால் நூற்றுக்கு எத்தனை என்று அச்சிட வேண்டும். நல்ல விதி, குறை சொல்லோம். ஆனால், கலந்த வேருக்குக் கிடைத்த இடம், விளைந்த மலைக்கு இல்லையே!

காப்பி வாரியத்தின் வட்டாரப் பட்டியலில் சேர்வராயன் உண்டு. 2019-இல் குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுதன்கிரி ஆகிய ஐந்தும் புவிசார் குறியீடு பெற்றபோது, சேர்வராயன் அதில் இல்லை.

நாம் கேட்பது ஒரே வரி: எந்த மலைக் கொட்டை, எத்தனை பங்கு? சிக்கரிக்குப் பக்கத்திலேயே அச்சிடட்டும்!