மாப்பிள்ளை சொன்ன காயின்

2016-ஆம் ஆண்டின் தொடக்கம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பக்கம் வசித்த ஒரு பெண்ணுக்கு நண்பரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தவறவிடக்கூடாத முதலீடு ஒன்று வந்திருக்கிறது, பார் என்று. இணைப்பைத் தட்டினார். இணையவழிக் கூட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. புதிய டிஜிட்டல் நாணயம், பிட்காயினைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு என்று ஆளுக்கு ஆள் உற்சாகமாகப் பேசினார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த அப்பா விட்டுப்போன பணம் அவர் கையில் இருந்தது. முதலில் 1,000 யூரோ போட்டார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் போட்டது 10,000 யூரோ ஆயிற்று. நல்லது கிடைத்தால் நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் சொன்னார். அவர் சொன்னதை நம்பி அவர்கள் போட்ட பணம் சுமார் 2,50,000 யூரோ.

அந்த நாணயத்தின் பெயர் ஒன்காயின். 2014-ல் பல்கேரியாவின் சோபியா நகரில் அதைத் தொடங்கியவர் ருஜா இக்னாடோவா. 2016 ஜூனில் லண்டன் வெம்பிளி அரங்கில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் சிவப்பு கவுனில் மேடையேறி, இன்னும் இரண்டு வருடத்தில் பிட்காயினைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள் என்றார். 2017 அக்டோபரில் சோபியாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானம் ஏறினார். அதோடு சரி, இன்றுவரை ஆள் அகப்படவில்லை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022-ல் அவரைத் தேடப்படும் முதல் பத்துப் பேர் பட்டியலில் சேர்த்தது. அவருடைய கூட்டாளி செபாஸ்டியன் கிரீன்வுட்டுக்கு 2023-ல் நியூயார்க் நீதிமன்றம் 20 வருடச் சிறை விதித்தது. உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேர் இழந்த தொகை 400 கோடி டாலருக்கு மேல் என்கிறது அமெரிக்க அரசுத் தரப்பு.

கிளாஸ்கோவிலிருந்து உகாண்டா வரை இந்தப் பணத்தைத் திரட்ட ஒன்காயின் பத்திரிகை விளம்பரத்தை நம்பியிருக்கவில்லை. ஆளைச் சேர்த்தால் கமிஷன், அந்த ஆள் இன்னொருவரைச் சேர்த்தால் அதிலும் ஒரு பங்கு. வாசலில் வந்து நின்றவர் யாரோ ஒரு ஏஜென்ட் இல்லை. தங்கை வீட்டுக்காரர், சர்ச்சில் பக்கத்தில் உட்காருபவர், பள்ளித் தோழி.

நமக்கும் இது புதிதில்லை. ஈமு கோழி வளர்ப்புத் திட்டத்துக்கும், சென்னையின் ஆருத்ரா கோல்டு முதலீட்டுத் திட்டத்துக்கும் பணம் போய்ச் சேர்ந்த பாதை பெரும்பாலும் உறவும் அக்கம்பக்கமும்தான். ஆள்மேல் ஆள் சேர்க்கும் இத்தகைய பிரமிட் திட்டங்களுக்குத் தடை உண்டு என்று இலங்கை மத்திய வங்கி 2023-ல் வெளியிட்ட பட்டியலிலும் ஸ்போர்ட் செயின், ஆன்மேக்ஸ் டிடி போன்ற பெயர்கள் இருந்தன. மாப்பிள்ளை சொன்னார் என்று மாமனார் பணம் போடும்போது, அவர் நம்புவது காயினை அல்ல, மாப்பிள்ளையை. கிரிப்டோ என்னும் டிஜிட்டல் நாணயத்தை வீட்டுக்கு அறிமுகப்படுத்த நினைக்கும் யாரும் முதலில் உணரவேண்டியது இந்த நம்பிக்கையின் பாரத்தைத்தான்.

கிளாஸ்கோ பெண்ணுக்கு உண்மை தெரிந்தது ஒரு கேள்வியால். பிட்காயின் தெரிந்த ஒருவர் அவரை அழைத்து, ஒன்காயினுக்குப் பிளாக்செயின் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். அவர் தன்னைச் சேர்த்துவிட்டவர்களிடம் விடாமல் கேட்டார். இழுத்தடித்துக் கடைசியில் கிடைத்த பதிலின் சாரம்: பிளாக்செயின் இல்லை, கம்பெனியின் சர்வரில் ஒரு சாதாரண டேட்டாபேஸ் இருக்கிறது. அதாவது கம்பெனிக்காரர் கணினியில் ஒரு எண்ணைத் தட்டினால் அதுதான் காயின், அதுதான் விலை. அந்த விலை அரை யூரோவில் தொடங்கி 29.95 யூரோ வரை ஏறியது. கம்பெனியே எழுதிக்கொண்ட விலைக்கு இறங்க வேண்டிய அவசியம் இல்லையே.

பிளாக்செயின் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? வித்தியாசம் பெரியது. சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் யாரோ 2008 அக்டோபர் 31 அன்று ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நடுவில் வங்கி இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்குப் பணம் அனுப்புவது எப்படி என்பதுதான் அதன் பொருள். 2009 ஜனவரி 3 அன்று பிட்காயின் ஓடத் தொடங்கியது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்ற பேரேட்டின் பிரதி ஒரே அலுவலகத்தில் இல்லாமல் உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் இருக்கிறது. திருவிழா வரவு செலவைக் கோயில் மண்டபச் சுவரில் ஒட்டிவிட்டால் ஊரே படிக்கலாம், ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்திவிட முடியாது. ஏறக்குறைய அப்படி. ஆனால் இந்தச் சுவரில் பெயர்கள் இருக்காது, முகவரி எண்கள்தான் இருக்கும். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய பக்கம் சேரும். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காயினுக்கு மேல் வராது என்பது நிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்தப் பேரேட்டில் 2009 ஜனவரி 12 அன்று சதோஷி ஒருவருக்கு 10 பிட்காயின் அனுப்பிய பதிவு இருக்கிறது. பெற்றவர் ஹால் ஃபின்னி என்ற கலிபோர்னியா நிரலாளர். ஒருவர் இன்னொருவருக்குக் கிரிப்டோவை அறிமுகப்படுத்திய முதல் நிகழ்வு என்றே இதைச் சொல்லலாம். அப்போது அதற்கு விலையே கிடையாது. ஃபின்னி பணம் எதுவும் போடவில்லை, நிரலை இறக்கி ஓடவிட்டு, பிழைகளைச் சதோஷிக்கு எழுதினார். அடுத்த வருடம் மே 22 அன்று ஃபுளோரிடாவில் ஒருவர் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்த பதிவையும் இன்று எந்த ஊர் செல்போனிலிருந்தும் யாரும் திறந்து பார்க்கலாம்.

இப்படித் திறந்து பார்க்க முடிவதே நல்ல அறிமுகத்துக்கு வழி. லாபத்தைச் சொல்லித் தொடங்குவதற்குப் பதில், சரிபார்ப்பது எப்படி என்று காட்டித் தொடங்கலாம். அம்மாவின் போனில், காயினை வைத்துக்கொள்ளும் வாலட் செயலி ஒன்றை இறக்கி, தெரிந்தவர் தன் வாலட்டிலிருந்து சில நூறு ரூபாய் மதிப்புக்கு அனுப்பிக் காட்டலாம். ஒரு பிட்காயினைப் பத்துக் கோடிச் சிறு கூறுகளாகப் பிரிக்கலாம் என்பதால் முழுக் காயின் வாங்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. முகவரி பெரும்பாலும் "bc1" என்று தொடங்கும் நீளமான எழுத்துக் கோவையாக இருக்கும். நகலெடுத்து ஒட்டிய பின் முதல் சில எழுத்துகளையும் கடைசிச் சில எழுத்துகளையும் ஒத்துப்பார்க்கச் சொல்ல வேண்டும். ஒட்டும் நேரத்தில் முகவரியை மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு, தப்பான முகவரிக்குப் போன பணத்தைத் திருப்பித்தர வங்கி மேனேஜர் யாரும் கிடையாது. அனுப்பிய பிறகு பொதுப் பேரேட்டைக் காட்டும் தளத்தில் அந்தப் பரிமாற்றத்தைத் தேடி, அது உறுதியாவதைக் கூடவே உட்கார்ந்து பார்க்கலாம். நெரிசலான நேரமாக இருந்தால் அனுப்பும் கட்டணமே தொகையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். அதையும் கண்ணால் பார்ப்பது நல்லது.

அடுத்து, வாலட்டைத் திறக்கும் 12 சொற்கள். வாலட் உருவாகும்போது, 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களைச் செயலி எடுத்து வரிசையாகக் காட்டும். முதல் நான்கு எழுத்தைப் பார்த்தாலே எந்தச் சொல் என்று தெரிந்துவிடும்படி தொகுத்த பட்டியல் அது. ஜப்பானியம், ஸ்பானியம் உட்பட வேறு சில மொழிகளிலும் பட்டியல் உண்டு, தமிழில் இல்லை. ஆகவே ஆங்கிலம் அவ்வளவாகப் புழங்காத பெரியவர்களுக்கு இது நிஜமான சிரமம். பேனாவால், பெரிய எழுத்தில், வரிசை எண் போட்டுத் தாளில் எழுதித் தரவேண்டும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம், இங்கே அது கூடவே கூடாது. எழுதி முடித்ததும் செயலியை அழித்துவிட்டு, அந்தச் சொற்களை மட்டும் வைத்து வாலட்டைத் திரும்பக் கொண்டுவந்து காட்டுங்கள். பணம் போனில் இல்லை, இந்தத் தாளில் இருக்கிறது என்பது அந்த நிமிடத்தில் புரிந்துவிடும். இந்தச் சொற்களைக் கேட்டு யார் போன் செய்தாலும் அவர் திருடர் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

மோசடி இல்லாத காயினும் பணத்தைக் கரைக்கும். 2017 நவம்பரில் அமெரிக்கக் குடும்பங்கள் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குக் கூடியபோது ஒரு பிட்காயின் 8,000 டாலரை ஒட்டி இருந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. விருந்து முடிந்து வாங்கியவர்கள் ஒரு மாதத்துக்குள் விலை 20,000 டாலரை நெருங்கியதைப் பார்த்தார்கள். அடுத்த வருட விருந்துக்கு உட்கார்ந்தபோது அது சுமார் 4,500 டாலர். பிறகு 2021 நவம்பரில் 69,000 டாலர் வரை போனது, ஒரே வருடத்தில் 16,000 டாலருக்கும் கீழே வந்தது, 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. உச்சத்தை மட்டும் சொல்லி, நடுவில் இருந்த பள்ளங்களைச் சொல்லாமல் விடுகிறவர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார். மகள் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் பணம் தேவைப்படுகிற சித்தப்பாவுக்கு இந்தப் பள்ளங்கள்தான் முழுக்கதை.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது? கிரிப்டோ இங்கே செல்லுபடியாகும் பணம் அல்ல, அதேசமயம் தடையும் இல்லை. ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் வங்கிகளுக்குப் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று நீக்கியது. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் உண்டு, அதே வருடம் ஜூலை முதல் 1 சதவீத டி.டி.எஸ். பிடித்தமும் சேர்ந்தது. பலருக்குத் தெரியாதது நஷ்டத்தைப் பற்றிய விதி. ஒரு காயினில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம் என்றால் கையில் மிஞ்சியது பூஜ்யம், ஆனாலும் லாபத்துக்குச் செஸ்ஸோடு சேர்த்து 31,200 ரூபாய் கட்டவேண்டும். ஒன்றை மற்றொன்றில் கழிக்க முடியாது.

காயினை அன்பளிப்பாகக் கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், மாமா, சித்தப்பா, அத்தை போன்றோரிடமிருந்து வரும் அன்பளிப்புக்குப் பெறுபவர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் அத்தை மகனும் பெரியப்பா மகளும் உறவினர் பட்டியலில் இல்லை. அவர்களும் நண்பர்களும் கொடுத்தது வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் பெறுபவரின் வருமானம்.

காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலேயே அதை விட்டுவைப்பது பலருக்கும் எளிது, அதன் ஆபத்தும் நம் கண்முன் நடந்ததுதான். 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் திருடுபோனது. கணக்குகள் முடங்கின, மீண்டும் வர்த்தகம் தொடங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. திருடப்பட்டது வேறு வகைக் காயின், தன்னிடம் இருப்பது எக்ஸ்ஆர்பி என்ற காயின், பிறருடைய நஷ்டத்தைத் தன் தலையில் ஏன் கட்டவேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது ஒருவர் உடைமையாக வைத்திருக்கவும் பிறரிடம் நம்பிக்கைப் பொறுப்பாக ஒப்படைக்கவும் கூடிய சொத்துதான் என்று தீர்ப்பளித்தார். வாடிக்கையாளர் பக்கம் நிற்கும் முக்கியமான தீர்ப்பு இது. என்றாலும் அதற்காக ஒருவர் நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது.

சொந்தக்காரரிடம் பேச உட்காருகிறவர் இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பல எக்ஸ்சேஞ்சுகள் ஆளைச் சேர்த்துவிடுபவருக்கு ரெஃபரல் பணம் தருகின்றன. தனக்கு வருவது நூறு ரூபாயாக இருந்தாலும் அதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. தினமும் இத்தனை சதவீதம் என்று உறுதி சொல்லும் திட்டமாக இருந்தால் பேச்சே வேண்டாம். சூரத்தைச் சேர்ந்த ஒருவர் நிறுவியதாக அமெரிக்க அரசுத் தரப்பு குற்றம் சாட்டிய பிட்கனெக்ட், அப்படி ஆசை காட்டித்தான் 240 கோடி டாலர் திரட்டி, 2018 ஜனவரியில் கடையைக் கட்டியது.

கடைசியாக, வாங்கியவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்ற பேச்சு. கனடாவின் குவாட்ரிகா எக்ஸ்சேஞ்சை நடத்திய ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தபோது, காயின்களைத் திறக்கும் கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும் என்று சொல்லப்பட்டது. உள்ளே பெரும்பாலும் எதுவும் இல்லை, அது மோசடி என்பது பிறகு விசாரணையில் தெரிந்தது. மோசடியே செய்யாத சாதாரண வீட்டிலும் இதே நிலை வரலாம். வங்கிக் கணக்கென்றால் வாரிசுச் சான்றிதழோடு கிளைக்குப் போகலாம். 12 சொற்கள் தொலைந்த வாலட்டுக்கு அப்படிப் போக ஓர் இடம் இல்லை. எல்.ஐ.சி. பாலிசி எண்ணும் பாஸ்புக் விவரமும் எழுதிவைத்த நோட்டிலேயே எக்ஸ்சேஞ்சின் பெயர், பதிவுசெய்த மின்னஞ்சல், வாலட்டின் பெயர் மூன்றையும் எழுதலாம். 12 சொற்கள் மட்டும் தனியாக, மூடிய உறையில், வங்கி லாக்கரில் இருக்கட்டும். அந்த உறை எதற்கு, அதை வைத்து என்ன செய்யவேண்டும் என்பதை, கிரிப்டோவில் ஒரு ரூபாய்கூடப் போடாத மனைவிக்கும் மகளுக்கும்தான் முதலில் சொல்லித்தர வேண்டும்.