பழைய ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கலாமா, விடலாமா?

பழுதுபார்க்க வேண்டிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் மலிவாக வந்தால் மனம் சபலப்படும். ஆனால் கொள்முதல் விலை வேறு, அடக்கவிலை வேறு என்பது வணிகர்களாகிய நமக்குத் தெரியாததல்ல.

இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. காரை உதாரணமாகக் கொள்வோம். 5 லட்சத்துக்கு மேல் விற்ற கார் இது. உதிரிபாகங்கள் அங்கே இன்றும் புதிதாகக் கிடைப்பதால் எஞ்சின் பழுதுக்கு அஞ்ச வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது பாடியைத்தான். இதற்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே பாரம் தாங்குகிறது. திறந்த மாடலில் கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டங்கள்தான் முதுகெலும்பு. அவை துருப்பிடித்திருந்தால் பெயிண்ட் பளபளத்துப் பயனில்லை.

மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை அங்கே வைத்துப் பார்க்கலாம். ஒட்டாவிட்டால் பட்டி பூசி மறைத்திருக்கக்கூடும். கதவு இடைவெளி மேலும் கீழும் சமமாக இல்லையென்றால் பாடி தொய்ந்திருக்கலாம்.

அடுத்தது கணக்கு. வாங்கும் விலை, டிங்கரிங், பெயிண்ட், உதிரிபாகம், கூலி, வேலை முடியும்வரை முடங்கும் பணத்துக்கு வட்டி எல்லாவற்றையும் கூட்டுவோம். தொகை, சீரமைத்து முடித்த அதே காரின் சந்தை விலையைத் தாண்டினால், சீரமைத்த காரையே வாங்குவது லாபம். எப்படியாயினும் கடை முதலில் கை வைக்க வேண்டாம். ஆசைக்கு வாங்குவதை உபரிப் பணத்தில் வாங்குவோம்.