மண்ணைத் தாங்கும் சுவர்கள்: முதுகுப்பக்கத் தண்ணீர்

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தைச் சுற்றி மலை கிடையாது. உயர்ந்து நிற்கும் மண் என்றால் ஏரிக்கரைதான். ஆனாலும் மாவட்டம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையுமாக இருக்கிறது. அரசு ஆலை 1979-இல் வந்தது. சிமென்ட்டால் பிழைக்கும் இந்தச் சீமையில் இதைச் சொல்லியே ஆகவேண்டும்: உயரமான தடுப்புச் சுவர்கள் பெரும்பாலும் சிமென்ட் குறைந்ததால் விழுவதில்லை. பின்னால் தேங்கும் தண்ணீர்தான் அவற்றைத் தள்ளுகிறது.

கணக்கைப் பாருங்கள். 3 மீட்டர் உயரச் சுவரைக் காய்ந்த மணற்பாங்கான மண், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ 2.7 டன் அளவுக்குத் தள்ளும். உயரம் 6 மீட்டரானால் 10.8 டன், அதாவது நான்கு மடங்கு. கவிழ்க்கும் திருப்புத்திறனோ எட்டு மடங்கு. பொறியாளர் ராங்கின் 1857-இல் தந்த சூத்திரத்தை வைத்தே இன்றும் இதைப் போடுகிறோம். அந்த 6 மீட்டர் சுவருக்குப் பின்னால் உச்சிவரை மழைநீர் நின்றால், நீரில் மூழ்கிய மண்ணின் தள்ளல் 6 டன்னாகக் குறையும். ஆனால் தண்ணீர் மட்டும் 18 டன் தள்ளும். மொத்தம் 24 டன். வடிகாலை விட்டுவிட்டுக் கம்பியின் கனத்தைக் கூட்டி இதைச் சமாளிக்க நினைப்பது பணத்துக்கும் கேடு, உயிருக்கும் கேடு.

செய்யவேண்டியது பெரிய வேலை இல்லை. சுவரின் முதுகை ஒட்டி அடிமுதல் மேல்வரை ஓரடி அகலத்துக்கு ஜல்லி, மண் புகாமலிருக்க வடிதுணி, அடியில் துளையிட்ட குழாய், சுவரில் வெளிப்புறம் சாய்ந்த பிவிசி குழாய்த் துளைகள். தோண்டிய மண்ணையே திரும்பக் கொட்டி மூடும் வழக்கம் நம்மிடம் உண்டு. கரிசல் மண்ணென்றால் அது கூடவே கூடாது. நனைந்தால் வீங்கிச் சுவரை நெருக்கும். காய்ந்தால் வெடித்து, அடுத்த மழையை நேராக உள்ளே இறக்கிவிடும்.

கம்பி எந்தப் பக்கம் என்பதிலும் கவனம் வேண்டும். சுவர் வெளியே வளையப் பார்ப்பதால் இழுபடுவது மண்ணை ஒட்டிய முகம். முக்கியக் கம்பி அங்கேதான் வரவேண்டும். வரைபடத்தைக் கொடுத்துவிட்டால் போதாது. கம்பி கட்டும்போது பொறியாளர் நேரில் நிற்கவேண்டும்.

அதற்கும் முந்திய ஆபத்து, வானம் தோண்டும் நாட்களில் இருக்கிறது. உதகை அருகே லவ்டேலில் 2024 பிப்ரவரி 7 அன்று, கட்டுமானப் பணி நடந்த இடத்தில் மேலிருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆறு பேரும் கூலி வேலைக்கு வந்தவர்கள். சரிவின் அடியை நீளம் முழுக்க ஒரே மூச்சில் வெட்டக்கூடாது. சிறு துண்டாக வெட்டி, அங்கே சுவர் எழுந்த பிறகே அடுத்த துண்டில் கைவைக்கவேண்டும். மேலே பாரம் இருந்தால் முதலில் முட்டுக் கொடுக்கவேண்டும். இதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்கான பணத்தையும் ஒதுக்கவேண்டும்.

சுவரே எழுப்பாமல், சரிவுக்குள் துளையிட்டு இரும்புக் கம்பிகளைச் செருகி மண்ணைப் பிடித்து நிறுத்தும் முறையை நீலகிரிச் சாலைகளில் நெடுஞ்சாலைத் துறை கையாண்டிருக்கிறது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.